உப்புக் காற்றில் பழைய கார்



சென்ற மாதம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த மூன்று பேர் ஒரே விடயத்தையே கேட்டிருந்தார்கள். ஒருவர் மருதமுனை, ஒருவர் சாய்ந்தமருது, மற்றவர் நிந்தவூர். மூவரின் கணவர்மாரும் வெளிநாட்டில். மூவர் வாசலிலும் ஒரு பழைய கார். "கராஜுக்குக் கொண்டு போனால் அவர்கள் சொல்வது ஒன்றும் விளங்குதில்லை. தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்திட்டு வாறம். வீட்டிலேயே நாங்கள் செய்யக்கூடியது என்ன?" என்பதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பத்து, பதினைந்து வருடம் வெயிலிலும் மணலிலும் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய டொக்டர் சன்னியோ, கொரோலா 110-ஓ, லான்சரோ, பல வீடுகளில் காணிக்கும் நகைக்கும் அடுத்த சொத்தாக இருக்கிறது. அது கெட்டுப் போனால் அதே போல இன்னொன்றை வாங்குவது லேசான காரியமல்ல.

இந்தக் கரையோரத்தில் கார் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம் என்பது என் எண்ணம். பெரும்பாலும் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு போவதும், கல்முனைச் சந்தைக்குப் போய் வருவதும்தான் ஓட்டம். மீதி நேரமெல்லாம் கடற்காற்றில் நிற்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரி காலத்தில் உப்புப் பானை கசிவதை நாம் பார்க்கிறோம்தானே? அதே உப்புத்தான் காரின் அடித்தகட்டிலும் கதவு ஓரத்திலும் படிந்திருந்து, இரும்பை ஈரமாகவே வைத்திருக்கிறது. வாடை வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களில், கடற்கரை வீதிப் பக்கம் குடியிருப்பவர்களின் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாலே பிசுபிசுக்கும்.

எனவே முதல் வேலை கழுவுவது. மேலே பளபளவென்று துடைப்பதைச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு தடவை ஹோஸ் குழாயைப் பிடித்து நான்கு சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் உட்புறத்தையும், கதவுக்குக் கீழே ஓடும் நீளமான பகுதியையும், அடித்தகட்டையும் நன்றாகக் கழுவ வேண்டும். சேற்று மண் அங்கே அடைபட்டு நின்றால் அது ஈரப் பஞ்சு வைத்தது போலத்தான். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கடைசி அலசலையாவது குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள்.

கதவின் அடி விளிம்பைக் குனிந்து பார்த்தால் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே வடியும் மழைநீர் வெளியேறுவதற்கு வைத்தவை. நம் ஊர் மணல் அவற்றை அடைத்துவிடும். ஒரு ஈர்க்குக் குச்சியால் குத்தி விடுங்கள், போதும். அதைச் செய்யாத கதவு உள்ளேயிருந்து உக்கி வரும். வெளியே பெயின்ட் கொப்புளம் போட்டுத் தெரிய வரும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும்.

மூடி வைக்கும் ரெக்ஸின் உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலுக்கு அது நல்லது. ஆனால் மழை நனைந்த காரை, உப்புப் படிந்த காரை அப்படியே மூடி வைப்பது பிழை. ஈரம் உள்ளேயே வேகும். கழுவி, காய்ந்த பிறகு மூடுங்கள். அதைவிட நல்லது கூரை மட்டும் போட்ட, காற்றோட்டமான ஒரு தாழ்வாரம்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். கொழும்பில் இருக்கும் சொந்தக்காரருக்கு மீன் கொண்டு போவது நம் ஊர் வழக்கம். ஐஸ் போட்ட பெட்டியை டிக்கியில் வைத்துப் போகிறோம். உருகி வடியும் உப்புத் தண்ணீர் கார்பட்டுக்குக் கீழே இறங்கி, ஸ்பெயார் டயர் இருக்கும் குழியில் தேங்கி நிற்கும். மணம் போய்விட்டது என்பதற்காகத் தண்ணீரும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. வந்த அன்றே டயரை வெளியே எடுத்து, அந்தக் குழியை நல்ல தண்ணீரால் துடைத்து உலர விடுங்கள்.

சிறிய கொப்புளம் ஒன்றைக் கண்டால் நாமே பார்க்கலாம். உப்புத்தாளால் தேய்த்து, துருவெல்லாம் போய்ப் பளிச்சென்ற இரும்பு தெரிந்த பிறகு துருத்தடுப்புப் பூச்சு, அது காய்ந்ததும் மேல் பெயின்ட். அழகாக வராது. அழகுக்காகச் செய்யவில்லை. துருவின் மேலேயே ஃபில்லர் அப்பிப் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு மழைக்காலத்துக்குத்தான் அது தாங்கும்.

இனி பொனட்டைத் திறப்போம். திறப்பதற்கு முன் கையிலுள்ள வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். பெட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே தங்க வளையல் பட்டால், கண் மூடித் திறக்கும் முன் அது பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். ஹபாயாவின் கைகளை மடித்து, முந்தானையையும் பர்தாவின் நுனியையும் உள்ளே செருகிக் கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனியவே கூடாது. பல கார்களில் றேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சினை நிறுத்திய பிறகும் சூட்டைக் கண்டு தானாகச் சுழலத் தொடங்கும்.

பெட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இளஞ்சூட்டு நீரில் அப்பச்சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கழற்றும்போது கழித்தல் குறியுள்ள வயரை முதலில் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதையே கடைசியில் பூட்ட வேண்டும். துடைத்துக் காய்ந்ததும் வெஸ்லின் தடவி விடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பெட்டரியானால் உள்ளிருக்கும் தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். அதற்குக் கடையில் விற்கும் பெட்டரித் தண்ணீர் மட்டும்தான். சிறிய மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குக் கிட்ட வராவிட்டால் பழுது அநேகமாகப் பெட்டரியில் இல்லை, சார்ஜ் பண்ணும் பக்கத்தில். இது தெரியாமல் புதுப் பெட்டரி வாங்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

எஞ்சின் ஒயிலைப் பார்ப்பது கறிச்சட்டி பார்ப்பதைவிட லேசு. சமதரையில், எஞ்சின் நின்று பத்து நிமிடம் கழித்து, அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் இருந்தால் சரி. கறுப்பாக இருப்பது பயமில்லை. பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, காரை எடுக்காதீர்கள்.

றேடியேட்டர் விடயத்தில்தான் நம் ஊரில் மிகப் பெரிய அநியாயம் நடக்கிறது. போத்தலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து ஊற்றி விடுகிறோம். உவரும் சுண்ணாம்பும் உள்ள அந்தத் தண்ணீர், கேத்தல் அடியில் படிவது போல உள்ளே படிந்து மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட்டும் வடித்த தண்ணீரும்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். கல்முனைக்குள் ஓடும்போது குறை தெரியாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, அந்த மகியங்கனை மலைப்பாதையில் பதினெட்டு வளைவு ஏறும்போதுதான் சூட்டு முள் மேலே போகும். அங்கே நின்றுவிட்டால் உதவிக்கு ஆளும் இல்லை.

முள் ஏறக் கண்டால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள காரானால் அதை முழுச் சூட்டில் திறந்து விடுங்கள். வேர்க்கும், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். ஆவி வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டியதுதான். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதன் தலைப்பகுதி வெடிக்கவும் கூடும்.

கராஜில் நடக்கும் ஒரு பேச்சை எழுதுகிறேன். இப்படி நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"தாத்தா, சூடு ஏறுதெண்டீங்களே, தேமஸ்டாட்டைக் கழட்டிப் போட்டிருக்கன். இனிப் பிரச்சினை இரிக்காது."

"அது தேவையில்லாத சாமானெண்டா கம்பனிக்காரன் ஏன் காக்கா போட்டான்?"

"நம்மட நாட்டுக்கு அது தேவல்ல. குளிர் நாட்டுக்குத்தான்."

இதை நம்பாதீர்கள். தேமஸ்டாட் என்பது எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து, வந்ததும் திறந்து விடும் ஒரு கதவு. எந்த நாட்டுக்கும் அது தேவை. அதைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் பிடிபடும். சூடு ஏறியதற்கான உண்மைக் காரணம், அடைபட்ட றேடியேட்டரோ ஓடாத விசிறியோ, அப்படியே இருக்கும். "கெட்டிருந்தா புதுசு போடுங்க காக்கா, கழட்டிப் போட வேணாம்" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

கராஜில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி டைமிங் பெல்ட். டொக்டர் சன்னிக்கு உள்ளே சங்கிலி. கொரோலா 110-க்கு ரப்பர் பட்டி. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கியவர்களுக்கு அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் நம் கைவேலை பார்ப்பதோடு நிற்க வேண்டும். பிரேக் ஒயில் டப்பாவின் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இனம். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதித்த மிதி வெறுமனே கீழே போகும். கண்டியிலிருந்து திரும்பி அதே மலையில் இறங்கும்போது அப்படி நடந்தால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். இறங்கும்போது சிறிய கியரில் இறங்குங்கள், பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமையில் செய்தது. பூ இருந்தாலும் ரப்பர் கிழடாகும். வெடிப்புத் தெரிந்தால் நீண்ட பயணம் வேண்டாம். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் ஜெக் அடிக்க வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள், பிள்ளைகளையும் போகவிடாதீர்கள். மணல் முற்றத்தில் ஜெக் சாயும். அடியில் தடித்த பலகை வையுங்கள்.

மாரி வருகிறது, வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். உழவு இயந்திரத்தையே புரட்டிய தண்ணீர் அது. கார் அதைவிட லேசானது, தாழ்வானது, முழங்காலளவு ஓடும் தண்ணீரே அதைத் தூக்கிவிடும். அம்பாறை வீதியில் தண்ணீர் ஓடினால் திரும்பி வாருங்கள். எந்த வேலையும் அடுத்த நாள் செய்யலாம்.

வாசலில் நின்ற காருக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், ஸ்டார்ட் ஆகுமா என்று பார்க்க ஆசை வரும். திறப்பைப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அது சுருங்காது, எஞ்சினின் உள்ளுறுப்பு வளைந்துவிடும். முதலில் பெட்டரியின் கழித்தல் வயரைக் கழற்றுங்கள். ஆசனங்களையும் கார்பட்டையும் எடுத்து உலர்த்துங்கள். காரைக் கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டு போய், பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றிய பின்பே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் தையல் மெஷினின் மோட்டாரும் பெல்ட்டும்.