மலை வராவிட்டால்...

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் மரபுத்தொடர்களை மனனம் செய்கின்றனர். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் பிழைபடும் என்பதால், தொடரை ஒருபுறமும் கருத்தை மறுபுறமும் அச்சிட்டுத் தருகின்றன பாடநூல்கள். நன்று. ஆயின் அத்தொடர் எங்கே பிறந்தது என்பதை அவை சொல்வதில்லை. அந்த மௌனத்தையே நாம் குறை கூறுகிறோம்.

மலை முஹம்மதிடம் வராவிட்டால் முஹம்மது மலையிடம் செல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாம் விரும்பியபடி காரியம் நடவாவிடில் நாமே இறங்கிப் போக வேண்டும் என்பது பொருள். பணிவைப் போதிக்கும் நல்லுரை போலத் தோன்றுகிறது. நம் மேடைகளிலேயே சிலர் இதை நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்ததாக எடுத்துரைக்கக் கேட்டு வருந்தியிருக்கிறோம்.

உண்மை என்ன? திருக்குர்ஆனில் இக்கதை இல்லை; ஆதாரப்பூர்வமான ஹதீஸ்களிலும் இல்லை. இங்கிலாந்தின் லார்டு சான்சலராக இருந்த பிரான்சிஸ் பேக்கன், 1625இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் இதை எழுதினார். எதற்கு உவமையாக? பணிவுக்கா? அன்று! வாக்களித்தது பொய்த்த பின்னும் நாணாமல் சமாளிக்கும் துணிச்சலுக்கு! மலையைத் தம்மிடம் அழைப்பதாகப் பெருமானார் கூறினார்களாம்; அது அசையாதபோதும் கூசவில்லையாம்.

திருமறை காட்டுவதோ இதற்கு நேர்மாறு. ஊற்றைப் பீறிடச் செய்யும், பொன் மாளிகை காட்டும், வானில் ஏறும் என்று மக்கத்துக் குறைஷியர் அடுக்கியபோது, தாம் தூதராக அனுப்பப்பட்ட மனிதரே என விடை பகருமாறு பெருமானாருக்குக் கட்டளை பிறந்தது (17: 90-93).

சொல்வழக்குதானே, இத்தனை சினம் எதற்கு என்று சிலர் கேட்பர். இன்று அதைப் பேசும் ஆங்கிலேயர் பலருக்கு இழிவு செய்யும் எண்ணம் இல்லை என்பதை நாமும் அறிவோம். நம் சினம் அவர்கள்மீதன்று. ஆராயாமல் ஏற்று, தமிழிலும் பெயர்த்து, நபிமொழியென்று மேடையேற்றும் நம்மவர்மீதுதான். நபிகள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது எத்துணைப் பெரிய குற்றம் என்பதை மதரஸாச் சிறுவனும் அறிவானே!

தேர்வுக்காகப் பிள்ளைகள் அதன் பொருளைக் கற்கட்டும். அதன் பிறப்பைப் பெற்றோர் உடன் உரைக்கட்டும். அக்கருத்தைத் தமிழில் சொல்ல வேண்டுவோர்க்கு, தாகித்தவன்தான் கிணற்றைத் தேடிப் போக வேண்டும் என்னும் நம் பெரியோர் வாக்கு இருக்கிறது. அதில் எவர்மீதும் பழி இல்லை.