ஹிமாலயன் 411: தேற்றி ஓட்டலாமா, மாற்றிவிடலாமா?

பாலுசெட்டிசத்திரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் வாலாஜாபேட்டை, வேலூர், வாணியம்பாடி, அப்படியே ஏலகிரி. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்கினால் ஏரிக்கரை, மண்பாதை, மழைக்காலத்தில் சேறு. திருப்புட்குழிக்காரர்களுக்கு இரண்டுமே பக்கம்தான். ரோட்டுக்கும் காட்டுக்கும் சேர்த்து ஒரே பைக் வேண்டும் என்று இந்தப் பக்கத்து இளைஞர்கள் ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை. அந்த ஆசைக்காக 2016 மார்ச்சில் வந்ததுதான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். அப்போது ஷோரூம் விலை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். பெயரில் இமயமலை இருந்தாலும், கம்பெனியின் பெரிய ஆலைகளான ஒரகடமும் வல்லம் வடகாலும் நம்ம மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அப்போது வாங்கியவர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியில் நிற்கிறார்கள். 2018-ல் வாங்கிய 411 வாசலில் நிற்கிறது. ஓடுகிறது. ஆனால் ஹேண்டிலில் ஒரு கடகட சத்தம், பின்பக்க ஷாக் தொய்ந்துவிட்டது, 100-ஐத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. மெக்கானிக் எஸ்டிமேட் நீட்டுகிறார். ஷோரூமிலோ ஹிமாலயன் 450 பளபளக்கிறது. வீட்டில், "ஓடுற வண்டிய எதுக்குப்பா மாத்தணும்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பதில், வண்டியின் மேல் உள்ள புகார் எந்த வகை என்பதைப் பொறுத்தது. தேய்மானத்தால் வந்த புகார் வேறு; கம்பெனியில் பிறக்கும்போதே இருந்த குறை வேறு. முதல் வகையைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். இரண்டாவது வகையில் எவ்வளவு கொட்டினாலும் திருப்தி வராது.

சரிசெய்யக்கூடியவை

ஹேண்டிலில் வரும் சத்தம் பெரும்பாலும் கோன் செட். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் தேய்வது சகஜம். செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், இரண்டு டயர், சீட்டுக்கு நல்ல ஃபோம், பின்பக்க ஷாக். இந்தப் பட்டியலை முழுதாக மாற்றினால் வண்டி பாதி புதுசாகிவிடும். இன்ஜினைத் திறக்காதவரை, இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரும்பாலும் புது 450-க்குக் கட்டும் சாலை வரித் தொகைக்குள் முடிந்துவிடும்.

இதில் ஷாக்கை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பலர் முதலில் லைட், கிராஷ் கார்டு, பெட்டி என்று வாங்கி மாட்டிவிட்டு, அத்தனை பாரத்தையும் தொய்ந்த ஷாக்கின் மேல் ஏற்றுகிறார்கள். திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலின் குதிரை வாகனம் பிரபலம். மூட்டுகளில் கீல் வைத்துச் செய்ததால் ஊர்வலத்தில் நிஜக் குதிரை போலவே அசையும். சவாரியின் சுகம் மூட்டில்தான் இருக்கிறது என்பது அந்தத் தச்சருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

2018 வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் அதைத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. அதற்கு முந்தைய சில வண்டிகளில், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பெரிய செலவில்லை. சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் ஹோஸைப் பார்க்கச் சொல்லிவிட்டால் போதும்.

காசு கொடுத்தாலும் வராதவை

ஆறாவது கியர் வராது. 411-ல் இருப்பது ஐந்துதான். சுமார் 24.5 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் டார்க். ஏரிக்கரையில் இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்து போக இதைவிட நிம்மதியான இன்ஜின் கிடைப்பது கஷ்டம். அதே வண்டியில் பின்னால் ஆளும் பெட்டியும் வைத்து, வேலூர் ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்யப் போனால் கை முறுக்கியபடியே காத்திருக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த 450 இந்த இடத்தில்தான் வேறு வண்டி. 452 சி.சி., தண்ணீரால் குளிரும் இன்ஜின், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர். எடையோ பழைய பி.எஸ்.6 ஹிமாலயனைவிட மூன்று கிலோ குறைவு, 196 கிலோ.

இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட சைலன்சரை மாற்றி, ஈ.சி.யு.வைத் 'தட்டி' பவர் ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கிடைக்கும் பவர் சொற்பம் என்பது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று இருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான்.

'அட்வெஞ்சர் லுக்' வேண்டும் என்று சேலை கார்டைக் கழற்றி வீசுவதும் இதே கணக்கில் சேரும். பின்சீட்டில் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் மறைப்பு, மோட்டார் வாகன விதிப்படி கட்டாயம். பட்டுச்சேலை நெய்யும் மாவட்டத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே கொஞ்சம் வேடிக்கை.

கணக்கு இப்போது மாறிவிட்டது

2025 செப்டம்பர் 22-க்கு முன் என்றால் 'மாற்றிவிடு' என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அன்றுமுதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆக ஏறியது. 450 வந்தபோது ஆரம்ப விலை 2.69 லட்சம். வரி ஏறியபின் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு சாலை வரி 12 சதவீதம், அதாவது 36,000 ரூபாய்க்கு மேல். 350 சி.சி.க்கு மேல் என்பதால் ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் அதிகம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 15,117 ரூபாய்.

3 லட்சம் லோன் போட்டால், 11 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு மாத இ.எம்.ஐ. சுமார் 9,800 வரும். மொத்த வட்டி மட்டும் 53,000-க்கு மேல். பழைய வண்டியின் தேய்மானப் பட்டியல் முழுவதையும் இந்த வட்டிக் காசிலேயே முடித்துவிட்டு, ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போய்வரவும் மிச்சம் இருக்கும்.

வரி குறைந்த பக்கத்தில் ஒரு மாற்று இருக்கிறது. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 210, 2025 ஜனவரியில் 1.76 லட்சத்தில் அறிமுகமானது. 24.6 குதிரைத்திறன், ஆறு கியர், எடை சுமார் 170 கிலோ. காகிதத்தில் பார்த்தால் 411-க்குச் சமமான பவர். ஆனால் டார்க் 20.7 நியூட்டன் மீட்டர்தான். தனியாக மண்பாதையில் ஓட்டுபவருக்கு இந்த எடைக் குறைவு வரப்பிரசாதம். இருவராகப் போகிறவர்கள் 411-ன் கீழ்முனை இழுவையை நிச்சயம் தேடுவார்கள். உயரத்தையும் பார்க்க வேண்டும். 411-ன் சீட் 800 மி.மீ., 450-ன் வழக்கமான சீட்டில் குறைந்தபட்சமே 825. அம்மாவையோ பாட்டியையோ பின்னால் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வீடுகளில் இந்த இரண்டரை சென்டிமீட்டருக்கு நாற்பது குதிரைத்திறனைவிட மதிப்பு அதிகம்.

ஆக, ஒரகடத்துக்கு ஷிப்ட், வார இறுதியில் ஜவ்வாது மலை, மற்ற நாட்களில் ஊர் வேலை என்று இருப்பவர் 411-ஐத் தேற்றி வைத்துக்கொள்வதே சரி. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை இருவராக பெங்களூரு ரோட்டில் நீண்ட தூரம் போகிறவருக்கு 450 தேவை. அவர் பழைய வண்டியில் செலவு செய்யச் செய்ய எரிச்சல்தான் கூடும். இன்ஜினைத் திறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வண்டி விற்றால் கிடைக்கும் தொகையில் பாதியை அந்த வேலையே விழுங்கும் என்றால், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

450-ஐ ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வராதீர்கள். தினமும் பின்னால் உட்காருபவரையும் கூட்டிப் போங்கள். ஏறி இறங்க முடிகிறதா என்று அவர் சொல்லட்டும்.

விற்பதென்று முடிவானால், எக்ஸ்சேஞ்சோ நேரடி விற்பனையோ, படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கண்ணால் பார்க்கும்வரை விடாமல் கேளுங்கள். விற்ற வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது விற்றவரின் வேலை.