"அவங்களே வேண்டாங்கறாங்க" என்று சொல்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டையர் ஆன டீச்சரிடம் நேரம் மட்டும்தான் தாராளமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு பேச்சு வந்தது. ஒரு எஸ்டேட்டில் புதிதாக மூன்று சூப்பர்வைசர் போட்டிருக்கிறார்கள், மூன்றும் ஆண்கள். நம் பெண்களில் ஒருத்தி, "ஒரு பொம்பளைகூடவா கிடைக்கலை?" என்று கேட்டாள். உடனே பதில்: "கேட்டுப் பாத்தாச்சு, அவங்களே வேண்டாங்கறாங்க." அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். குரூப்பில் சண்டை போட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காக ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மேலே நோட்டோடு நிற்கும் சூப்பர்வைசர், அவருக்கு மேலே ஃபீல்டு ஆபீசர், பிறகு சின்ன துரை, பெரிய துரை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் நம் வாயிலிருந்து 'துரை' போகவில்லை. கொழுந்துப் பையிலிருந்து அந்த நோட்டுக்குப் போக ஒரே ஒரு படிதான். அந்த ஒரு படியைத்தான் பெண்களுக்கு வைக்காமல் விட்டிருக்கிறோம்.

என் அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் (பேர் வேண்டாம்) 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். எந்த ஃபீல்டு எத்தனை நாளில் திரும்ப எடுப்புக்கு வரும், கவாத்து வெட்டிய செடியை எவ்வளவு உயரம் விட்டுப் பிறகு கிள்ள ஆரம்பிக்க வேண்டும், யார் பையில் முற்றின இலை கலந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பார்த்ததும் தெரியும். பள்ளிக்கூடம் முடித்த பையன்களை சூப்பர்வைசராகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதல் மாதம், "அக்கா, நாளைக்கு எந்த ஃபீல்டுல ஆள் விடலாம்?" என்று கேட்பான். ஆறு மாதம் கழித்து "ஏய், அங்க என்ன பேச்சு?" என்பான். இப்படி நான்கைந்து பையன்களுக்கு அம்மா தொழில் கற்றுக்கொடுத்தார். அவர் ரிட்டையர் ஆனபோதும் கொழுந்து எடுக்கும் தொழிலாளிதான்.

அவரையும் ஒருமுறை "கேட்டார்கள்". வேண்டாம் என்றார். அதனால் இந்த 'வேண்டாம்' எனக்கு வீட்டிலேயே பழக்கம். என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார்கள் தெரியுமா? காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து பேர் போட வேண்டும். சாயங்காலம் எடை முடிந்து எல்லாரும் லைனுக்குப் போன பிறகு ஆபீசில் உட்கார்ந்து கணக்கு முடிக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் பிடிப்பது, விறகு, அடுப்பு, பிள்ளைகள் ஒன்றும் குறையாது. சம்பளத்தில் கூடுவது கையில் ஒட்டாத காசு. நாளைக்கு ஒரு தகராறு என்றால், "உன் பொண்டாட்டி எங்களுக்கு மேஸ்திரியா?" என்று அப்பாவைக் கேட்க லைனில் நாலு பேர் தயாராக இருந்தார்கள். இதற்கு 'சரி' என்று சொல்லியிருந்தால்தான் நான் அம்மாவின் புத்தியைச் சந்தேகப்பட்டிருப்பேன். அவர் வேண்டாம் என்றது அந்த நிபந்தனைகளை. அதை நாம் 'பொம்பளைங்களுக்குப் பொறுப்பு வேண்டாமாம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். இது தப்பான மொழிபெயர்ப்பு. தமிழ் டீச்சர் சொல்கிறேன், நம்புங்கள்.

பெண்களுக்குப் பொறுப்பே வேண்டாம் என்றால் 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது என்ன? அங்கேயும் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வழக்கமாகப் பேச்சுவார்த்தைக்குப் போகும் யூனியன் ஆண் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே பேர் வைத்துக்கொண்டார்கள், தாங்களே பேசினார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக அதே 20 சதவீதம் கைக்கு வந்தது. 232 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த மாதம் 301 ஆனது. அவர்கள் கேட்ட 500 கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அத்தனை ஆயிரம் பேரைக் கட்டிக்காத்து முடிவெடுத்தவர்களுக்கு நாற்பது பேர் கொண்ட ஒரு கொழுந்துக் கூட்டத்தை மேய்க்கத் தெரியாது என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

அடுத்த வாதம்: "ஆம்பளை ஆளுங்க பொம்பளை சொன்னா கேக்க மாட்டாங்க டீச்சர்." இதே வாதத்தை ராணுவத்தில் பெண்களுக்குத் தலைமைப் பொறுப்பு தருவது பற்றிய வழக்கில் மத்திய அரசே சொன்னது. சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், பெண் அதிகாரியை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை என்றார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2022-ல் நம் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கான போட்டித் தேர்வில் முதல்முறையாகத் தரைப்படையின் பெண் அதிகாரிகள் தேறினார்கள். பட்டாளத்து ஆண்கள் பழகிக்கொள்ளலாம், மலைக்கு இந்தப் பக்கம் கொழுந்து எடை போடும் இடத்தில் மட்டும் முடியாதா?

இந்த ஜில்லாவை சுப்ரியா சாஹு ஆண்டார், அர்ச்சனா பட்நாயக் ஆண்டார். இன்னசென்ட் திவ்யா கலெக்டராக இருந்தபோதுதான், 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, யானை வழித்தடத்து ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். பெரிய பெரிய முதலாளிகள் வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1962-லேயே, இந்த மலையிலிருந்து அக்கம்மா தேவியைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினோம். பெண் சொல்லைக் கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பெண் நம் லைனில் பிறந்தவளாக இருந்தால்தான் காது அடைத்துக்கொள்கிறது.

காட்டெருமை, கரடி, சிறுத்தை என்று இன்னொருவர் பட்டியல் போட்டிருந்தார். விடிந்ததும் செடிக்கு நடுவில் நிற்பது யார்? பெண்கள்தானே. காட்டெருமை வந்து 'நீ தொழிலாளியா, சூப்பர்வைசரா' என்று கேட்டுவிட்டா முட்டுகிறது?

ஃபேக்டரி கதை இன்னும் மோசம். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், அரசு அனுமதி இல்லாமல் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றது. நர்சுக்கும் மருத்துவச்சிக்கும் மட்டும் விலக்கு. அதாவது ராத்திரி பிள்ளைப்பேறு பார்க்கப் போகலாம், ரோலர் பார்க்கக் கூடாது! ஃபேக்டரி சட்டத்திலும் இதேபோல் ஒரு தடை இருந்தது. அதை 2000-லேயே சென்னை உயர் நீதிமன்றம், தகுந்த பாதுகாப்போடு வேலை கொடுக்கலாம் என்று சொல்லி ரத்து செய்துவிட்டது. கொழுந்து வாட்டுவதும் அரைப்பதும் பாதி ராத்திரி வேலை. அதைப் பக்கத்தில் நின்று கற்காமல் யாரும் டீ மேக்கர் ஆக முடியாது. பெண்ணை உள்ளே விடாமல் வைத்துவிட்டு, 'டீ மேக்கர் வேலைக்குப் பொம்பளை யாரும் வரதில்லை' என்பது நல்ல வேடிக்கை.

நான் எப்படித் தலைமை ஆசிரியை ஆனேன்? என் திறமையைப் பார்த்து யாரும் கூப்பிடவில்லை. சீனியாரிட்டி பட்டியலில் என் எண் வந்தது, கலந்தாய்வில் பள்ளி கிடைத்தது, போனேன். யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை, யாரோடும் டீ குடிக்க வேண்டியதில்லை. எழுதிவைத்த வரிசை இருக்கும் இடத்தில் பெண்கள் மேலே வருகிறார்கள். 'ஆளைப் பார்த்து' போடும் இடத்தில் வருவதில்லை. எங்களிலும் பதவி உயர்வைத் துறந்து எழுதிக்கொடுத்த டீச்சர்கள் உண்டு, மறைக்கவில்லை. குன்னூரில் குடித்தனம் வைத்துக்கொண்டு பந்தலூருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் யார் போவது? அதே பந்தலூர் ஆர்டர் வீட்டுக்காரருக்கு வந்தால் மட்டும் பெட்டி கட்டிக்கொடுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைக்கிறோம். இந்த வரி சொந்தக்காரர்களுக்கு, முக்கியமாக என் தம்பிமார்களுக்கு.

சட்டமே இருந்ததில்லை என்றும் சொல்லாதீர்கள். 1976-ன் சம ஊதியச் சட்டத்தில், பதவி உயர்விலும் பயிற்சியிலும் பாகுபாடு கூடாது என்று 1987-லேயே சேர்த்துவிட்டார்கள். கூலி விஷயத்தில் அந்தச் சட்டத்தை நமக்குத் தெரியும். பதவி உயர்வு வரியை யூனியன்காரர்கள்கூட வாசித்துக் காட்டி நான் கேட்டதில்லை.

என் மாணவர்களில் எஸ்டேட்டில் பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. ஃபேக்டரியில் இருக்கிறீர்கள், யூனியன் ஆபீசில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் கடைசியாக சூப்பர்வைசர் போட்டபோது நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்களா? பத்து வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்கள் பெயரை வரிசையாக எழுதிப் பார்த்தீர்களா? கணக்கு எழுதத் தெரியாதென்றால் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள்? ஃபீல்டில் கக்கூஸ் இருக்கிறதா? 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணிடம் 'ஏன்' என்று யாராவது கேட்டீர்களா, கேட்டால் அவள் என்ன சொன்னாள்? கீழே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.