வட்டி வேண்டாம் என்பவருக்கும் வங்கி வேண்டும்

வட்டியில்லா வங்கி முறையை இந்தியாவில் கொண்டுவரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் முடிவு செய்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை சமமாகத் திறந்தே இருக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன், கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வர மனம் இடம் கொடுப்பது வேறு.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கவுன்டரில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். "சார், வட்டி மட்டும் போட்டுறாதீங்க" என்று கேட்டு வரும் பாய்மார்கள் உண்டு. சேமிப்புக் கணக்கில் வட்டி தானாக ஏறும் என்றால், நடப்புக் கணக்கே போதும் என்பார்கள். ஏறிய வட்டியை எடுத்து யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பணத்தைப் போடுவதற்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. கடன் வாங்க வழியில்லை. அவசரத்துக்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலில் நகையை வைத்து வட்டியில்லாமல் கொஞ்சம் புரட்டலாம். தொழிலுக்கு அது காணாது.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவருக்குத் தறி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விலை 2 லட்சம். நம் வங்கி கடன் கொடுக்கும், வட்டி வாங்கும். இஸ்லாமிய முறையில் வங்கியே தறியை வாங்கி, தன் லாபத்தைச் சொல்லி, 2,34,000 ரூபாய்க்கு அவருக்கு விற்கும். மாதம் 6,500 வீதம் 36 தவணை. இதற்கு முராபஹா என்று பெயர்.

இதை நம் வங்கி செய்ய முடியாது. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கக் கூடாது என்கிறது. வீடு என்றால் 9ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தன் உபயோகத்துக்கு இல்லாத அசையாச் சொத்தை வங்கி ஏழு வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதோடு பத்திரச் செலவு. வங்கி வாங்கும்போது ஒருமுறை, வாடிக்கையாளருக்கு மாற்றும்போது இன்னொருமுறை. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டு தடவை கட்டி யார் வீடு வாங்குவார்? இங்கிலாந்தில் இதே சிக்கல் வந்தபோது 2003இல் நிதிச் சட்டத்தைத் திருத்தி இரட்டை முத்திரைத்தீர்வையை நீக்கினார்கள். இலங்கை 2005இலேயே வங்கிச் சட்டத்தைத் திருத்தியது. 2011 முதல் அங்கே அமானா வங்கி நடக்கிறது.

"வட்டிக்கு லாபம் என்று வேறு பெயர் வைத்தால் ஆயிற்றா?" என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். பாதி நியாயமான கேள்விதான். அந்த 34,000 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால் ஊர் வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஆனால் தவணை தவறும்போது வித்தியாசம் தெரியும். நம் கடனில் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அசலோடு சேர்ந்து குட்டியும் போடும். முராபஹாவில் ஒருமுறை பேசிய விலை பேசியதுதான். தாமதத்துக்கு அபராதம் வாங்கினாலும் அது தர்மத்துக்குப் போக வேண்டும், வங்கியின் லாபத்தில் சேரக் கூடாது.

இது நமக்கு அந்நியமான சிந்தனையா? 1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் பாருங்கள். அசலாகவோ வட்டியாகவோ, வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் பழைய கடன் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அது. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை. வங்கி வட்டிக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு. அது அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று 1984இல் 21ஏ பிரிவைச் சேர்த்தார்கள்.

மதச்சார்பற்ற நாட்டில் இதற்கு இடமுண்டா என்பதும் நீதிமன்றம் பார்த்த விஷயம்தான். கேரள அரசு நிறுவனம் 11 சதவீதப் பங்கு எடுக்கவிருந்த அல் பரக்கா நிதி நிறுவனத்தை எதிர்த்து சுப்பிரமணியன் சுவாமி வழக்குப் போட்டார். கேரள உயர் நீதிமன்றம் 2011இல் அதைத் தள்ளுபடி செய்தது. ரகுராம் ராஜன் குழுவும் 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்திருந்தது. மசூதிக்கு மட்டும் உரிய காரியமாக அந்தக் குழு அதைப் பார்க்கவில்லை. வட்டிக்கு அஞ்சுகிற எவரும் வரலாம். தறி வாங்க வருகிறவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று முராபஹா ஒப்பந்தம் கேட்பதில்லை.

சட்டம் வழிவிடாத இடத்தில் வேறு ஆட்கள் கடை விரிக்கிறார்கள். பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் முதலாளி நாட்டை விட்டே ஓடினார், அடுத்த மாதம் பிடிபட்டார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. வங்கி டெபாசிட்டுக்கு இன்று 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அவர்களுக்கு அப்படி ஒரு பைசாவுக்கும் காப்பீடு கிடையாது, ஏனென்றால் அவர்கள் போட்ட இடம் வங்கியே இல்லை.