லிலித்: இசைக்கலைஞர் பெயரில் ஒரு பேய்க்கதை

மேலைநாட்டுச் சோதிடத் தளங்களில் லிலித் என்ற பெயருக்கு இன்று நல்ல மவுசு. பிறந்த நேரத்தையும் ஊரையும் கொடுத்தால், ஜாதகத்தில் 1181 என்ற எண்ணுடைய குறுங்கோள் நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். பின்னர் பலன் வரும்: அடக்கிவைத்த காமம், ஆறாத சினம், ஆணுக்குப் பணியாத குணம். புலம்பெயர்ந்த வாசகர் சிலர் இதன் பொருளை என்னிடமே கேட்டிருக்கின்றனர். எனவே எழுதுகிறேன்.

மெசொப்பொத்தேமியரின் இரவுப் பேய்களுள் ஒன்று லிலித்து. யூதரின் மத்தியகால நூலான 'பென் சிராவின் அரிச்சுவடி' லிலித்தை ஆதாமின் முதல் மனைவியாக்கியது. இருவரும் ஒரே மண்ணிலிருந்து படைக்கப்பட்டவர்கள், ஆகவே உனக்குக் கீழே கிடக்கமாட்டேன் என்று கூறி அவள் பறந்து சென்றாளாம். சமத்துவம் கேட்டவளுக்குக் கிடைத்த பட்டம், சிசுக்களைக் கொல்லும் பேய் என்பது. பிள்ளை பெற்ற வீடுகளில் அவளுக்கு எதிராகத் தாயத்துக் கட்டினார்கள்.

இந்தக் கதைக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன தொடர்பு? யாதொன்றும் இல்லை. 1927 இல் அல்ஜியர்ஸ் வானாய்வகத்தில் அதனைக் கண்டறிந்தவர் பெஞ்சமின் ஜெகோவ்ஸ்கி. அதற்கு இடப்பட்ட பெயர் பிரெஞ்சு இசையமைப்பாளர் லிலி பூலாஞ்சேயின் நினைவாக அமைந்தது. 1893 இல் பிறந்து, சிறுவயது முதல் நோயோடு போராடி, 1913 இல் இசையமைப்புக்கான 'பிரீ த ரோம்' பரிசை வென்ற முதற் பெண் அவர். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மூச்சுள்ள உயிர்கள் யாவும் பகையின்றி வாழவேண்டும் என்ற பழைய பௌத்தப் பிரார்த்தனைக்கு இசையமைத்தார். 1918 இல், 24 ஆவது வயதில் மறைந்தார். அத்தகையவரின் நினைவுக்கல்லில்தான் சோதிடர்கள் பேயைக் குடியேற்றியிருக்கிறார்கள்.

பத்திரிகையில் ஒருவரின் பெயருக்குக் கீழே வேறொருவரின் கதையை அச்சிட்டால் மறுநாள் திருத்தம் வெளியிடவேண்டும். என் தொழில் எனக்குக் கற்பித்த முதல் ஒழுக்கம் அது. சோதிடப் பக்கங்களில் அந்த ஒழுக்கத்தை நான் கண்டதில்லை.

அவர்களிடம் இருப்பது ஒரு லிலித்தும் அல்ல, மூன்று. இரண்டாவது, சந்திரனின் பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளி. அங்கே பொருள் எதுவுமே இல்லை. மூன்றாவது, 1898 இல் வால்டெமாத் என்ற ஜெர்மானியர் அறிவித்த இரண்டாவது சந்திரன். அப்படியொன்று இருப்பது நிறுவப்படவேயில்லை. ஒரே ஜாதகத்தில் மூன்றும் மூன்று இராசிகளில் நிற்கலாம். எந்த லிலித்தின் பலன் பலிக்கும்?

பெயர் வெறும் குறியீடுதான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நல்லது. 2309 ஆம் எண்ணுடைய குறுங்கோளின் பெயர் 'மிஸ்டர் ஸ்பொக்'. அது கண்டுபிடித்தவரின் பூனையின் பெயர். பெயர்தான் பலன் தரும் என்றால், ஏழாம் வீட்டில் பூனை நின்றால் என்ன பலன்? பெயர் பலன் தராதென்றால் லிலித்தின் பலன் எங்கிருந்து வந்தது?

இதைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போகமுடியாது. எமது வழக்கில் 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு வீடுகளில் ஐந்து! விதிவிலக்குகளை ஒதுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு இது உண்டு. தோஷம் ஆணுக்கும் உண்டு. வீட்டிலே காத்திருந்து வயது போவது பெரும்பாலும் பெண்ணுக்கு. அங்கே பேயின் பெயர், இங்கே கோளின் பெயர். இரண்டிலும் குற்றஞ்சாட்டப்படுபவள் பெண்ணே.

லிலித் யார் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இராசிச் சக்கரத்தை விரிக்காதீர்கள். லிலி பூலாஞ்சேயின் இசையைக் கேட்கக் கொடுங்கள். அந்தக் கல்லின் பெயருக்கு உரியவர் அவரே.