வாயிலில் பொறி, வீட்டிலே வெறி!

பள்ளிக்கூடத்து வாயிலிலே பொறியொன்று நிறுத்தவேண்டும் என்கிறார்கள். மாணவன் அதன் ஊடே நுழையவேண்டும்; அவனிடம் இரும்பு இருந்தால் பொறி கூவவேண்டும்; கூவியதும் அவன் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்கவேண்டும்! விமான நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நாம் காணும் 'மெட்டல் டிடெக்டர்', இனி ஏட்டுக்கல்வி நடக்கும் இடத்திற்கும் வரட்டும் என்பது பெற்றோர் பலருடைய விருப்பம். தெற்கே திருநெல்வேலிச் சீமையிலே மட்டுமல்ல. இங்கே, நம் அந்தியூரிலும், பெற்றோர் கூடுகிற இடங்களிலெல்லாம் இந்தப் பேச்சு எழுகிறது.

பெற்றவரின் அச்சத்தை எள்ளி நகையாட நான் இதை எழுதவில்லை. அச்சம் பொய்யானதல்ல, அதற்குக் காரணங்கள் உண்டு, தேதியோடு உண்டு. 2012 பிப்ரவரி 9ஆம் நாள், சென்னைப் பாரிமுனைப் பகுதியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 மார்ச் 10ஆம் நாள், திருவைகுண்டம் பக்கத்திலே, தேர்வு எழுதப் பேருந்திலே சென்ற பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்கள் துண்டாகின. அடுத்த மாதம் 15ஆம் நாள், பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புச் சிறுவன் புத்தகப் பையிலே அரிவாள் கொண்டு வந்து வகுப்புத் தோழனை வெட்டினான். இடையில் புகுந்த ஆசிரியையும் காயமுற்றார்.

எட்டாம் வகுப்பு! எழுதுகோல் பிடிக்கும் விரல் இன்னும் முற்றவில்லை. அதற்குள் அரிவாளின் பிடி பழகிவிட்டது! இதைப் படித்த தாய் நடுங்காமல் வேறென்ன செய்வாள்?

எனவே பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்போம். அதன் பிறகு வாதிடுவோம். "ஏனுங்க சார், சவுளிக்கடை வாசல்ல கூட வெச்சிருக்கறாங்க. புள்ளைங்க படிக்கிற எடத்துல வெச்சா என்னங்க கொறஞ்சு போகுது?" என்று கேட்கிறார் ஒரு தந்தை. "என்ற பையன் சோத்துப் பையத் தெனமும் போலீசாட்டம் தொழாவோணுமாக்கும்?" என்று சீறுகிறார் ஒரு தாய். "பத்து வருசத்துல ஒரு கத்தி மாட்டுனாலும் ஒரு உசுரு மிச்சந்தானுங்களே!" என்கிறார் மூன்றாமவர்.

மூன்றாமவரின் வாதமே வலிவானது. அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மறுப்பது கோழைத்தனம்; ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டைப் பள்ளியின் வாயிலிலே அத்தகைய பொறி இருந்து, அருகே விழிப்பான ஆள் ஒருவரும் இருந்திருப்பாரானால், அந்த அரிவாள் அன்று சிக்கியிருக்கக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்குநேரியில்? அங்கே வெட்டு விழுந்த இடம் மாணவனின் வீடு. திருவைகுண்டத்தில்? ஓடும் பேருந்தை வழிமறித்து வெட்டினார்கள். வீட்டுத் திண்ணைக்கு ஒரு பொறி, பேருந்துப் படிக்கட்டுக்கு ஒரு பொறி, வாய்க்கால் வரப்புக்கு ஒரு பொறி என்று வைத்துக்கொண்டே போவோமா?

நம் ஈரோட்டு மாவட்டத்துக்கே வருவோம். 2025 ஜூலையில், ஈரோடு நகரில், அரசு மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடன் படித்தவர்கள் தாக்கியதில் உயிரிழந்தான். சக மாணவியரோடு பேசினான் என்பதே பகைக்கு மூலம் என்று செய்தி வந்தது. அரிவாள் வெட்டியதல்ல, அடித்த அடியிலே போன உயிர்! கையை மடக்கினால் அது முட்டி. விரித்தால் அது நட்பு. எந்தப் பொறி இந்த இரண்டையும் பிரித்தறியும்?

பொறியின் வேலைதான் என்ன? அதன் சுருளிலே மின்சாரம் பாய்கிறது, காந்தப்புலம் பிறக்கிறது, அந்தப் புலத்திலே உலோகம் நுழைந்தால் மாற்றம் நேர்கிறது, பொறி கூவுகிறது. அவ்வளவே அதன் அறிவு! வந்த உலோகம் கத்தியா கரண்டியா என்று அதற்குத் தெரியாது. நம் பிள்ளையின் பையிலே என்ன இருக்கிறது? எவர்சில்வர் சோற்றுப் போசி, தண்ணீர்க் குப்பி, மிதிவண்டிச் சாவி, இடுப்பிலே வெள்ளி அரைஞாண், கணிதப் பெட்டியிலே கூர்முனைக் கவராயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறி கூவும். கூவும்போதெல்லாம் சோதித்தால் பாடம் நடக்காது. கூவினாலும் போகட்டும் என்று விட்டால் பொறி எதற்கு?

கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி, ஒரு பொறி, ஆளுக்கு 5 வினாடி. 5,000 வினாடி, அதாவது 83 நிமிடம்! முதல் பாடவேளை போய், இரண்டாம் பாடவேளையும் முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். கடைசிப் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போது கரும்பலகையை இருமுறை அழித்திருப்பார்கள். இதைத் தவிர்க்க என்ன செய்வார்கள்? எல்லோரையும் நிறுத்தமாட்டார்கள், 'சிலரை' மட்டும் நிறுத்துவார்கள்.

அந்தச் சிலர் யார்? இங்கேதான், தோழர்களே, என் நெஞ்சு பதறுகிறது. சட்டைக்காலர் நைந்தவன் நிறுத்தப்படுவான். விடுதியில் தங்கிப் படிக்கும் மலைப்பிள்ளை நிறுத்தப்படுவான். "நீ எந்த வளவு?" என்று கேட்டு, விடை கேட்டதும் முகம் சுளிக்கிறார்களே, அந்த வளவுப் பிள்ளை நாள் தவறாமல் நிறுத்தப்படுவான். பொறிக்குச் சாதி தெரியாது. பொறிக்கு அருகே நிற்கும் மனிதனுக்குத் தெரியுமே!

அமெரிக்க நாட்டைப் பார் என்பார்கள். பார்ப்போம். அங்கே நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகர்ப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகவே இந்தப் பொறிகள் உண்டு. மினசோட்டா மாநிலத்து ரெட் லேக் பள்ளியின் வாயிலிலும் இருந்தது. 2005 மார்ச் 21ஆம் நாள் அங்கே துப்பாக்கியோடு வந்த மாணவன், பொறியருகே ஆயுதமின்றி நின்ற காவலரை முதலில் சுட்டான். உள்ளே நுழைந்து ஓர் ஆசிரியையையும் 5 மாணவர்களையும் சுட்டுக் கொன்றான். பொறி தன் கடமையைச் செய்தது. கொலைகாரனும் தன் கருமத்தை முடித்தான்! பதினைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் அங்கே வெளியான ஆய்வுரை, பொறிகளால் பள்ளி வன்முறை குறைகிறது என்று நாட்டப் போதிய சான்று இல்லை என்றது. பொறி நிற்கும் பள்ளியில் மாணவருக்குப் பாதுகாப்புணர்வு குறையக்கூடும் என்றும் சுட்டிக் காட்டியது. கடைத்தெருவிலே துப்பாக்கி விற்கும் நாட்டிலேயே இதுதான் நிலை!

அப்படியானால் பிள்ளைகளைக் காக்க வழியே இல்லையா என்பீர்கள். உண்டு. ஆனால் அது வாயிலிலே தொடங்குவதல்ல, வீட்டிலே தொடங்குவது.

நாங்குநேரி மாணவனை வெட்டியது இரும்பு என்றா எண்ணுகிறீர்கள்? இரும்பு கருவி; ஏவியது சாதி! ஒடுக்கப்பட்டவன் நன்றாகப் படிக்கிறான் என்ற எரிச்சல். கொடுமை தாளாமல் அவன் பள்ளியிலே முறையிட்டான் என்ற ஆத்திரம். அந்த எரிச்சலைப் பள்ளிக்கூடமா கற்பித்தது? இல்லை. "அவனோடு சேராதே" என்று சோறூட்டும்போதே சொன்ன வீடு கற்பித்தது. மகனுக்கு மணிக்கட்டிலே வண்ணக்கயிறு கட்டி அனுப்பிய கை கற்பித்தது. வண்டியின் முகப்பிலே சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொண்டு, அதே வண்டியில் பிள்ளையைக் கொண்டுவந்து பள்ளி வாயிலில் இறக்கிவிட்டு, "இங்கே பாதுகாப்பில்லை, பொறி வையுங்கள்!" என்று முழங்குகிற தந்தையே, உம்மைத்தான் கேட்கிறேன்: நீர் நாள்தோறும் மகனின் நெஞ்சிலே தீட்டி அனுப்பும் கத்தியை எந்தப் பொறி கண்டுபிடிக்கும்?

'அது தெற்கத்திப் பழக்கம், கொங்குநாடு அமைதியான பூமி' என்று பெருமூச்சு விட வேண்டாம். 2016 மார்ச் 13ஆம் நாள், உடுமலைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த குற்றத்திற்காகப் பொறியியல் மாணவன் ஒருவன் வெட்டிக் கொல்லப்பட்டான். கண்காணிப்புக் கேமரா அதை முழுமையாகப் படம் பிடித்தது; தடுக்கவில்லை! 2022இல் பெருந்துறைப் பக்கத்துப் பாலக்கரைத் தொடக்கப்பள்ளியில் ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியையே கைதானார். அங்கே வாயிலில் பொறி இருந்தால் என்ன கூவியிருக்கும்? துடைப்பத்திலே இரும்பு இல்லையே!

நோய் புதியதுமல்ல. நூறாண்டுக்கு முன், அதே நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியிலே, வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இட்டார்கள். தமிழ்நாடு காங்கிரசில் அன்று முன்னணியில் இருந்த, நம் ஈரோட்டைச் சேர்ந்த பெரியார், பொதுப்பணம் பெறும் இடத்திலே பந்தி பேதமா என்று போர்க்கொடி உயர்த்தினார். இலை பிரித்த இடத்தில் இன்று கயிறு பிரிக்கிறது. வடிவம் மாறியது, வஞ்சம் மாறவில்லை.

கயிற்றைக் கழற்றும் முயற்சியும் நடந்தது. 2019இல் பள்ளிக் கல்வித் துறை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்குமாறு மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைய கல்வியமைச்சர், நம் கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த செங்கோட்டையன், அது தம் கவனத்திற்கு வராமல் சென்றதென்றும், பழைய நிலையே தொடருமென்றும் கூறிவிட்டார். அப்போது கயிற்றுக்காகக் கொதித்தவர் பலர். பிள்ளைக்காகக் கொதித்தவர் எத்தனை பேர்? நான்கு ஆண்டு கழித்து நாங்குநேரியில் குருதி கொட்டியது. அதன் பின்னர் அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024 ஜூன் 18ஆம் நாள் தம் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். கயிறும் மோதிரமும் சாதிக் குறியீடுகளும் கூடாது. பள்ளிகளின் பெயரிலே சாதி ஒட்டியிருக்கக் கூடாது. மாணவரை அகர வரிசைப்படி அமர்த்தவேண்டும். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைத்தார். பொறி கேட்டுக் கையெழுத்து வாங்கும் பெற்றோரே, இந்தப் பரிந்துரைகளைக் கேட்டு ஒரு கையெழுத்தேனும் வாங்கினீர்களா?

பொறி வாங்கும் பணத்தை, அதைப் பழுதுபார்க்கும் பணத்தை, அதனருகே நிற்போர்க்குக் கொடுக்கும் கூலியை வேறு நல்ல வழிக்குத் திருப்பலாம். வாயிலில் ஒரு மனிதரை நிறுத்துங்கள். பிள்ளைகளைப் பேர் சொல்லி அழைக்கத் தெரிந்த மனிதர்! 2024 நவம்பர் 20ஆம் நாள், மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவன் புகுந்து இளம் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அங்கே வேண்டியிருந்தது, 'யார் நீ, எங்கே போகிறாய்?' என்று கேட்டு மறிக்கும் வாய். வாயிற்காவலரே இல்லாத பள்ளியிலே பொறியை நட்டுவைப்பது, கண்ணில்லாத முகத்துக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுவது போன்றது.

பள்ளிதோறும் மனநல ஆலோசகர் வேண்டும். அடிபட்ட பிள்ளை அஞ்சாமல் முறையிட வழி வேண்டும். 14417, 1098 என்ற உதவி எண்கள் வகுப்புச் சுவரில் எழுதப்பட வேண்டும். 'உன்னைச் சும்மா விடமாட்டேன்' என்று ஒருவன் மிரட்டினான் என்றால், 'சின்னப் பசங்க சண்டை' என்று ஆசிரியர் தள்ளிவிடலாகாது. பாளையங்கோட்டையில் பகை பென்சிலுக்காகத் தொடங்கி நாள்கணக்கில் புகைந்தது என்கிறார்கள். அந்தப் புகையைக் கண்டிருக்க வேண்டியது மனிதக் கண். ஆசிரியர் அறையிலேயே சாதிக் குழு சேர்ந்தால் மாணவன் எதைக் கற்பான் என்பதையும் என் போன்ற ஆசிரியர்கள் நெஞ்சிலே கைவைத்து எண்ணவேண்டும்.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்கலாகாது. எழுந்து கேளுங்கள்: சந்துரு அறிக்கையில் எது நம் பள்ளியில் நடந்திருக்கிறது? காவலர் எங்கே? ஆலோசகர் எங்கே? பொறிக்காகக் கை தூக்கும் பெற்றோரிடம் பணிவோடு, ஆனால் உறுதியோடு இன்னொன்றும் கேளுங்கள்: முதல் சோதனையை உங்கள் வீட்டு வாயிலில் வைத்துக்கொள்ளச் சம்மதமா? மகனின் கையிலே கயிறு இருக்கிறதா, நாவிலே வசை இருக்கிறதா, அவன் தோழன் எந்த வளவிலிருந்து வந்தாலும் உங்கள் வீட்டுத் தட்டிலே சோறுண்ண முடியுமா?

வெட்டுண்ட நாங்குநேரி மாணவன் மருத்துவமனையில் கிடந்து, மீண்டு, 2024 தேர்விலே 600க்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினான். அரிவாளுக்கு அவன் சொன்ன விடை அது. அவனை வெட்டிய கைகளும் மாணவரின் கைகளே. அவர்களும் நம் பிள்ளைகளே. அவர்களைக் கெடுத்தது நாம் வளர்த்த வெறி. வாயிலிலே பொறி வைத்துவிட்டு வீட்டிலே அந்த வெறியை வளர்ப்போமானால், பொறி கூவிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் விழுந்துகொண்டே இருப்பார்கள்.

வீட்டிலே சாதியைக் கழற்றுவோம். வாயிலிலே நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நுழையட்டும்!