ஓரம் தின்னும் பெட்டி

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கம்ப்யூட்டருக்கென்று தனியாகத் திரை வாங்க வசதி இல்லை. கூடத்து டெலிவிஷனையே அதோடு இணைத்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் ஒருநாள் மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தாள். மேல் மூலையில் மீதி நேரத்தைக் காட்டும் எண்களுக்குத் தலை இல்லை. கீழ் ஓரத்துப் பொத்தானுக்கு உடம்பே இல்லை. தகப்பனார் பெட்டி வாங்கிய கடைக்கு ஓடினார். "டி.வி.ன்னா அப்படித்தான் சார், தனியா ஒரு மானிட்டர் வாங்கிடுங்க" என்று பதில் வந்தது.

அப்படித்தானா? இல்லை என்பது என் கட்சி.

பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளில் எலெக்ட்ரான் கற்றை ஓடி ஓடிப் படத்தை வரைந்தது. மின்சாரம் தாழ்ந்தால் படம் சுருங்கும். சுற்றிலும் கறுப்பு ஓரம் தெரியும். அதை மறைக்க, கண்ணாடியைவிடப் படத்தைச் சற்றுப் பெரிதாக விரித்தார்கள். இதற்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர். ஒளிபரப்பு நிலையங்களும் இதை அறிந்து, எழுத்துக்களை ஓரத்திலிருந்து தள்ளியே வைத்தன. அந்தக் காலத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

இன்றைய தட்டைத் திரையில் கற்றை எங்கே இருக்கிறது? ஃபுல் ஹெச்.டி. பெட்டியில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அசையாமல் இருக்கிறது. கம்ப்யூட்டரும் அதே கணக்கில் அனுப்புகிறது. அப்படியிருந்தும் பல பெட்டிகள் கடையிலிருந்து வரும்போதே படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. பக்கத்துக்கு நூற்றுக்கு இரண்டரை பங்கு வெட்டினாலும் இடமும் வலமும் 48 புள்ளி, மேலும் கீழும் 27 புள்ளி போய்விடும். மிஞ்சிய 1824 புள்ளிகளை 1920 இடங்களில் இழுத்து நிரப்பும்போது எழுத்துக்களும் கலங்கிப் போகின்றன. ஓரமும் போயிற்று, கண்ணும் போயிற்று!

சில ஒளிபரப்புகளில் ஓரத்தில் வேண்டாத கோடுகள் தெரியும், அதை மறைக்கிறோம் என்பார்கள். மறைக்கட்டும் ஐயா, அந்த ஒளிபரப்புக்கு மறைக்கட்டும். கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது?

இதற்கு வைத்தியம் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. கம்ப்யூட்டரில் படத்தைச் சுருக்கிவிடு என்கிறார்கள். இது செருப்புக்காகக் காலை வெட்டுகிற வைத்தியம். இங்கே சுருக்குவதை அங்கே பெட்டி மறுபடி விரிக்கும். மூலை திரும்பி வரும். எழுத்து இரண்டு முறை நசுங்கியிருக்கும். வேறு வழியே இல்லாத பெட்டிக்குக் கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்யலாமா?

முதலில் எடுக்க வேண்டியது டெலிவிஷனின் ரிமோட்டை. படத்தின் அளவை மாற்றும் பகுதியில் மருந்து இருக்கிறது. ஆனால் அதற்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்! ஒரு கம்பெனிக்கு அது 'ஜஸ்ட் ஸ்கேன்'. இன்னொன்றுக்கு 'ஸ்க்ரீன் ஃபிட்'. மற்றொன்றுக்கு 'ஃபுல் பிக்ஸல்'. வேறொன்றுக்கு 'டாட் பை டாட்'. சில பெட்டிகளில் கம்பி செருகிய ஹெச்.டி.எம்.ஐ. வாசலுக்கு 'பி.சி.' என்று பெயர் மாற்றினால்தான் புத்தி வரும். வந்ததை வந்தபடி காட்டு என்ற ஒரே கட்டளைக்கு இத்தனை மாறுவேஷம் எதற்கு? கேட்காமலே வெட்டுகிறவன், வெட்டாதே என்று சொல்லும் வழியையும் ஒளித்து வைப்பதா?

அந்தப் பெண்ணின் வீட்டுப் பெட்டியிலும் அது இருந்தது. தேடி அமுக்கினோம், நான்கு மூலையும் வந்து சேர்ந்தன. காலணாச் செலவில்லை. அந்தத் தகப்பனார் கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போயிருக்கும்.

ஆகையால், வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரை இணைக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவனிடம் காசைக் காட்டாதீர்கள். முழுத் திரைக்கு விலை கொடுக்கிறவனுக்கு முழுப் படம் தர வேண்டியது தயவு அல்ல, கடன்.